அரிசிக் கூப்பன் முதல் கழிவுக் கூப்பன் வரை: வீட்டுச் சாமான் செலவு எங்கே குறைகிறது?

யாழ்ப்பாணத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் 'கூப்பன்' என்று சொன்னால் அவருக்குச் சங்கக்கடைதான் நினைவுக்கு வரும். அவருடைய பேரப்பிள்ளைக்கு அதே சொல் கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தி: '5,000 ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் 500 ரூபா கழிவு.' சொல் ஒன்றுதான். முதலாவது கூப்பன் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு அரிசி கிடைக்கும் என்ற உறுதி. இரண்டாவது, இவ்வளவு செலவழித்தால் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்ற ஒப்பந்தம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், இன்றைய கழிவுகளில் எது வீட்டுக்கு இலாபம், எது கடைக்கு இலாபம் என்பதை யாரும் கணக்குப் பார்க்கலாம். வீட்டுச் செலவைப் பல வருடங்களாகக் கொப்பியில் எழுதி வருபவள் என்ற வகையில் அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

கூப்பன் என்றால் அரிசி

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1942 இல் அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்த பிறகும் கூப்பன் போகவில்லை. அது நாட்டின் அரசியலையே அசைக்கும் பொருளாகியது. 1953 இல் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 அன்று நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. அவ்வருடம் ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1966 இல் அவருடைய ஆட்சியிலேயே இரண்டு கொத்து ஒன்றாகக் குறைந்து, அந்த ஒன்று இலவசமாகியது. அடுத்து வந்த 1970 தேர்தலில் இரண்டாவது கொத்து ஒரு முக்கிய வாக்குறுதி.

1978 இல் பங்கீடு வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதன் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. அந்த மாற்றத்தில்தான் முக்கியமான ஒன்று நடந்தது. பழைய கூப்பனில் இருந்தது கொத்துக் கணக்கு. முத்திரையில் இருந்தது ரூபாக் கணக்கு. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு 15 ரூபா. விலைகள் ஏறின. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருந்தது. அதே முத்திரைக்கு வருடத்துக்கு வருடம் குறைவான அரிசி கிடைத்தது. பின்னர் 1995 இல் சமுர்த்தி வந்தது, 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. அஸ்வெசும கொடுப்பனவு நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதுவும் ரூபாக் கணக்குத்தான்.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்தில் உணவின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. பிறகு பணவீக்கம் தணிந்தது என்றால், விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகியது. மாதக் கடைசியில் பால்மாப் பைக்கற்றா மருந்தா என்று யோசிக்கும் வீடுகளுக்கு 500 ரூபாக் கழிவு பெரிய விடயம். அதனால்தான் அது உண்மையிலேயே 500 ரூபாவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நிபந்தனையை முதலில் படியுங்கள்

இன்றைய கழிவுக் கூப்பனில் பெரிய எழுத்தில் தொகை இருக்கும். சிறிய எழுத்தில் நான்கு விடயங்கள் இருக்கும்: குறைந்தபட்சக் கொள்வனவு எவ்வளவு, கழிவின் உச்சவரம்பு எவ்வளவு, எந்தப் பொருட்கள் சேராது, எந்தத் திகதி வரை செல்லும். சீனி, பருப்பு, பால்மா, அரிசி போன்ற அன்றாடப் பொருட்கள் பல கழிவுகளில் சேர்வதில்லை. நாம் வாங்குவதில் பாதி அவைதான்.

ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு இந்தக் கிழமை தேவையான சாமான் 3,200 ரூபா. கூப்பன் கேட்பது 5,000 ரூபா. மிகுதி 1,800 ரூபாவுக்கு பிஸ்கற், சோடா, வாசனைச் சவர்க்காரம் என்று கூடையை நிரப்பினால் கையிலிருந்து போவது 4,500 ரூபா. 500 ரூபா மிச்சம் என்று பற்றுச்சீட்டில் இருக்கும். ஆனால் கூப்பன் இல்லாமல் போனதைவிட 1,300 ரூபா கூடுதலாகச் செலவாகியிருக்கும். அதே 1,800 ரூபாவுக்கு அடுத்த கிழமை எப்படியும் வாங்கவேண்டிய சலவைத்தூள், பற்பசை, தேயிலை எடுத்தால் 500 ரூபாவும் மிச்சம்தான். கூப்பன் ஒன்றே. கூடைக்குள் போன பொருள்தான் வேறு.

ஆகவே பட்டியல் முதலில், கூப்பன் பிறகு. பட்டியலில் இல்லாத பொருளுக்கு எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அது செலவு.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'

இந்த வாசகங்களை வீதத்துக்கு மாற்றிப் பார்த்தால் ஒப்பிடுவது எளிது.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 50 வீதக் கழிவு. இரண்டும் பாவனைக்கு வந்தால் மட்டும்.

இரண்டாவதற்கு அரை விலை என்றால் மொத்தத்தில் 25 வீதம்.

இரண்டின் விலைக்கு மூன்று என்றால் ஏறக்குறைய 33 வீதம்.

25 வீதம் மேலதிகம் என்று பைக்கற்றில் அச்சிட்டிருந்தால் அது 20 வீதக் கழிவுக்குச் சமம், 25 அல்ல.

தயிர், பாண், சொசேஜ் போன்றவற்றுக்கு இந்தக் கழிவு வந்தால் காலாவதித் திகதியைப் பாருங்கள். முடிவுத் திகதி நெருங்கும் சரக்கை இப்படித்தான் தள்ளுவார்கள். அன்றைக்கே சமைக்கும் வீட்டுக்கு அது நல்ல வாய்ப்பு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அது குப்பை.

பைக்கற்றின் அளவையும் கவனிக்க வேண்டும். விலை மாறாமல் நிறை குறைவது இப்போது வழமையாகிவிட்டது. 400 கிராம் இருந்த இடத்தில் 360 கிராம் இருந்தால், விலை அதே என்றாலும் கிராமுக்கு விலை 11 வீதம் ஏறியிருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே கணிப்பான் இருக்கிறது: விலையைக் கிராமால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 100 கிராமுக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். பெரிய பைக்கற் எப்போதும் மலிவு என்பதும் இல்லை. கழிவு நாட்களில் சிறியது மலிவாக வருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

புள்ளிகளும் வங்கி அட்டைகளும்

கீல்ஸின் நெக்ஸஸ், ஆர்பிகோவின் பிரிவிலேஜ் போன்ற வாடிக்கையாளர் திட்டங்கள் புள்ளி சேர்ப்பவை. உங்கள் கடையில் ஒரு புள்ளிக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும், ஒரு புள்ளி எத்தனை ரூபா என்று கேட்டு வீதத்துக்கு மாற்றுங்கள். 100 ரூபாவுக்கு ஒரு ரூபாப் புள்ளி என்றால் அது ஒரு வீதக் கழிவு. மாதம் 30,000 ரூபாவுக்கு வாங்கினால் 300 ரூபா. அந்தக் கடையில் அரிசி கிலோவுக்கு 40 ரூபா கூட என்றால், பத்துக் கிலோவிலேயே 400 ரூபா போய்விடும். புள்ளிக்காகக் கடையைத் தெரிவு செய்யக்கூடாது. விலைக்காகப் போன கடையில் புள்ளி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

குறித்த கிழமை நாட்களில் மரக்கறி, பழம், மீனுக்கு வங்கிகள் தரும் கழிவு பெரும்பாலும் கடனட்டைக்குத்தான். 4,000 ரூபா மரக்கறிக்கு 20 வீதம் என்றால் 800 ரூபா மிச்சம். அட்டைப் பட்டியலை உரிய திகதியில் முழுமையாகக் கட்டுபவருக்கு அது சுத்த இலாபம். 40,000 ரூபா நிலுவையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவருக்கு, வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாத வட்டியே 800 ரூபா. கழிவு முழுதும் வட்டியில் கரைந்துவிடும். பற்று அட்டைக்குக் கழிவு உள்ள நாட்களில் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று: புள்ளிக்காக நீங்கள் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் என்ன வாங்கினீர்கள் என்ற பதிவும் சேர்கிறது. கழிவுக்கு நாம் கொடுக்கும் விலைகளில் அதுவும் ஒன்று. பிரபல கடைகளின் பெயரில், ஆண்டு நிறைவுப் பரிசுக் கூப்பன் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று எந்தக் கடையும் கூப்பன் கொடுப்பதில்லை. வங்கி இலக்கத்தையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்டால் அது மோசடி.

சட்டம் தரும் கூப்பன்

கூப்பன் இல்லாமலே நமக்கு உரிய சில விடயங்கள் இருக்கின்றன. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், பொதியில் குறித்த அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். குளிரூட்டியதற்கென்று சோடாவுக்குப் பத்து ரூபா கூட எடுப்பதும் அதில் அடங்கும். விலையைக் காட்சிப்படுத்துவதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வர்த்தகரின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பணம் செலுத்தும் இடத்திலேயே, தட்டில் ஒட்டியிருந்த விலையும் பற்றுச்சீட்டில் அடித்த விலையும் ஒன்றா என்று பாருங்கள். கழிவு முடிந்த பிறகும் விளம்பரச் சீட்டு தட்டில் தொங்குவது உண்டு. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் பைக்குக் கட்டணம் அறவிடப்படுகிறது. வீட்டிலிருந்து ஒரு பையைக் கொண்டுபோவது எந்த நிபந்தனையும் இல்லாத கழிவு.

கழிவு யாருக்குக் கிடைக்கிறது?

இந்தக் கணக்குகளில் ஒரு குறை இருக்கிறது. பழைய கூப்பன் இல்லாதவருக்கு அரிசியைக் கொண்டுபோனது. புதிய கூப்பன் ஏற்கெனவே 5,000 ரூபாவைக் கையில் வைத்திருப்பவரைத் தேடிப் போகிறது. நாட்கூலிக்குப் போகும் ஒருவர் மாலையில் ஊர்க்கடையில் அரைக் கிலோ அரிசி, 100 கிராம் பருப்பு, 50 கிராம் செத்தல் மிளகாய் என்று வாங்குகிறார். அவருக்குக் கடனட்டை இல்லை, குறைந்தபட்சக் கொள்வனவும் எட்டாது. சில்லறையாக வாங்குவதால் கிலோக் கணக்கில் அவர் கொடுப்பது கூடுதல் விலை. அவருக்கு இருக்கும் ஒரே வசதி கடைக்காரரின் கடன் கொப்பி. வேலை இல்லாத கிழமையில் அந்தக் கொப்பிதான் அடுப்பை எரிய வைக்கிறது. அதைச் செய்ய எந்தப் பல்பொருள் அங்காடியும் வராது. ஆகவே கழிவு எங்கே கிடைத்தாலும் ஊர்க்கடையை முற்றாகக் கைவிடும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்த இடைவெளியை ஓரளவு குறைக்க ஒரு வழி உண்டு. எங்கள் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும். அதே ஒழுங்கில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே பட்டியல் போடலாம். ஒவ்வொருவரும் 1,500 ரூபாப் போட்டால் 5,000 ரூபா நிபந்தனை எட்டிவிடும். கழிவை வாங்கிய அளவுக்கேற்பப் பிரிக்க வேண்டும். புள்ளி மாதத்துக்கு ஒருவரின் இலக்கத்தில் சேரட்டும். அரிசி, சீனி, பருப்பை மூடையாக மொத்தக் கடையில் எடுத்துத் தராசில் பிரித்தால், பெரும்பாலும் எந்தக் கூப்பனும் தராத விலை கிடைக்கும். மரக்கறிக்குத் திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளில் சந்தை கலையும் நேரம் போதும். அங்கே கழிவு வாயால் கேட்டு வாங்குவது.

கொப்பியில் எழுதவேண்டியவை

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை விலை தெரிந்திருப்பதுதான். ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உங்கள் வீட்டில் மாதந்தோறும் முடியும் பதினைந்து பொருட்களை எழுதுங்கள்: அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, பால்மா, தேங்காய் எண்ணெய், தேங்காய், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், தேயிலை, ரின்மீன், சவர்க்காரம், பற்பசை. ஒவ்வொன்றுக்கும் ஊர்க்கடை, சங்கக்கடை, சதொச, பல்பொருள் அங்காடி ஆகியவற்றின் கிலோ விலையைத் திகதியோடு குறியுங்கள். இரண்டு மாதத்தில் எந்தக் கழிவு உண்மை, எது விலையை ஏற்றிவிட்டுக் குறைத்தது என்று உங்களுக்கே தெரியும். கடைக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தையோ பெற்றோலையோ அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை கூப்பன் வரும்போது இரண்டு கேள்விகள் போதும். இந்தப் பொருளைக் கூப்பன் வராவிட்டாலும் வாங்கியிருப்பேனா? கொப்பியில் இருக்கும் ஆகக் குறைந்த விலையைவிட இது குறைவா? இரண்டுக்கும் ஆம் என்றால் கூப்பனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.