உயர் கிடைப்புக் கோப்பு வழங்கி

உயர் கிடைப்புக் கோப்பு வழங்கி என்பது, ஒரு கணினி பழுதடைந்தாலும் கோப்புகள் பயனர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும் வகையில், பல கணினிகளை ஒரு கொத்தாக இணைத்து அமைக்கப்படும் கோப்புப் பகிர்வு அமைப்பு ஆகும். கொத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். பயனருக்கு இவை அனைத்தும் சேர்ந்து ஒரே வழங்கியாகத் தோன்றும். லினக்சு இயங்குதளத்தில் இத்தகைய அமைப்பை உருவாக்கப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களுள் குளஸ்டர் கோப்பு முறைமை ஒன்றாகும். தமிழ்நாட்டில் பயின்ற பொறியாளர் ஒருவர் இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்.

தேவை

ஓர் அலுவலகத்தின் கோப்புகள் அனைத்தும் ஒரே கணினியில் இருந்தால், அக்கணினியின் பழுது அலுவலகம் முழுவதையும் நிறுத்திவிடும். இதனை ஒற்றைப் பழுதுப் புள்ளி என்பர். திருப்பூர் மாவட்டத்தில் விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற வெள்ளகோவில் போன்ற ஓர் ஊரில், படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வடிவமைப்புப் படங்கள், கொள்முதல் ஆணைகள், அளவுப் பட்டியல்கள், துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆவணங்கள் ஆகியவை ஒரே வழங்கியில் இருக்கும். சரக்கு அனுப்ப வேண்டிய நாளில் அது நின்றுபோனால், துணி ஆயத்தமாக இருந்தும் ஆவணம் இல்லாமல் சரக்கு தேங்கும்.

வன்தட்டுகளை இரட்டிக்கும் ரெய்டு முறை வன்தட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தாய்ப்பலகை, மின்வழங்கி, வலையமைப்பு அட்டை ஆகியவற்றின் பழுதைத் தாங்கக் கணினியையே இரட்டிக்க வேண்டும்.

கிடைப்பின் அளவு

கிடைப்பு விழுக்காட்டில் அளக்கப்படுகிறது. ஓராண்டில் 99% கிடைப்பு என்பது சுமார் 87.6 மணி நேர நிறுத்தத்தைக் குறிக்கும். 99.9% எனில் சுமார் 8.8 மணி நேரம். 99.99% எனில் சுமார் 53 நிமிடங்கள்.

தனித்தனியே 99% கிடைப்புள்ள இரண்டு கணினிகளில் ஏதேனும் ஒன்று இயங்கினாலே போதும் எனில், கணக்கின்படி கிடைப்பு 99.99% ஆகும். ஆனால் இரண்டின் பழுதுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும். இரண்டும் ஒரே மின் இணைப்பிலோ ஒரே வலையமைப்பு நிலைமாற்றியிலோ இருந்தால் ஒன்றாகவே நிற்கும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் இது நடைமுறைச் சிக்கலாக இருந்தது. எனவே கணுக்களுக்குத் தனித்தனி யூபிஎஸ் அமைப்பது கொத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

குளஸ்டர் கோப்பு முறைமை

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, குளஸ்டர் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அதற்கு முன் கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில், லாரன்சு லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்கான தண்டர் மீத்திறன் கணினித் திட்டத்தில் பணியாற்றினார். 1,024 கணுக்களையும் 4,096 செயலிகளையும் கொண்ட தண்டர், 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது.

குளஸ்டர் நிறுவனம் 2005 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பெங்களூரிலும் அதன் பொறியாளர்கள் பணியாற்றினர். குனூ, கிளஸ்டர் ஆகிய சொற்களின் சேர்க்கையே இப்பெயர். 2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் இதனைச் சுமார் 13.6 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ரெட் ஹாட் வழங்கிய வணிகப் பதிப்புக்கான ஆதரவு 2024 இறுதியில் முடிவடைந்தது.

செயற்படும் முறை

ஒவ்வொரு கணுவிலும் கோப்புகளைச் சேமிக்க ஒதுக்கப்படும் அடைவு செங்கல் எனப்படும். பல செங்கற்கள் சேர்ந்து ஒரு தொகுதி ஆகின்றன. கோப்பு எங்கு உள்ளது எனக் கூறும் தனி மைய வழங்கி இதில் கிடையாது. கோப்பின் பெயரிலிருந்து கணக்கிட்டே அதன் இருப்பிடம் அறியப்படுகிறது. இதனால் மைய வழங்கி என்னும் ஒற்றைப் பழுதுப் புள்ளி நீங்குகிறது.

நகல் தொகுதியில், பயனர் கணினியில் உள்ள குளஸ்டர் மென்பொருளே எல்லா நகல்களிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒரு கணு கிடைக்காதபோது, அதில் எழுதப்படாத மாற்றங்கள் உண்டு என மற்ற கணுக்கள் குறித்துவைக்கின்றன. அது மீண்டும் இயங்கியவுடன், இக்குறிப்பைக் கொண்டு விடுபட்டவை தாமாகவே நகலெடுக்கப்படும். இது தன் சீராக்கம் எனப்படும்.

பிளவு நிலை

இரண்டு கணுக்களுக்கு இடையே வலையமைப்பு மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது பழுதடைந்ததாகக் கருதும். இரண்டும் தனித்தனியே எழுத அனுமதித்தால் ஒரே கோப்பு இரு வடிவங்களாகப் பிரியும். இணைப்பு மீண்ட பின் ஒவ்வொன்றும் மற்றதன் நகலே பழையது எனக் குறித்திருக்கும். இதற்குப் பிளவு நிலை என்று பெயர்.

மேற்கண்ட அலுவலகத்தில், ஒரு கணுவில் விரிப்பின் நீளமும் மற்றதில் நிறமும் திருத்தப்பட்டிருந்தால், எந்த நகல் சரியானது என மென்பொருளால் முடிவுசெய்ய இயலாது. தவறான பட்டியலைக் கொண்டு நெய்த துணியை மீண்டும் நூலாக்க முடியாது. ஆகவே, கோப்பு சிறிது நேரம் கிடைக்காமல் இருப்பதைவிடத் தவறான கோப்பு கிடைப்பதே பெருங்கேடு என்பது இத்துறையின் அடிப்படை விதி.

இதனைத் தவிர்க்கப் பெரும்பான்மை விதி பயன்படுகிறது. மூன்று கணுக்களில் குறைந்தது இரண்டைத் தொடர்புகொள்ள முடிந்தால் மட்டுமே எழுத அனுமதிக்கப்படும். இரண்டே கணுக்கள் இருந்தால் பெரும்பான்மை அமையாது. குளஸ்டரின் தானியங்கு விதி இந்நிலையில் முதல் செங்கல் இயங்க வேண்டும் என்கிறது. எனவே முதல் கணு நின்றால் எழுதுவதும் நிற்கும். மூன்று முழு நகல்கள் வைக்க இடமில்லாதோருக்காக, 2015 இல் வெளியான 3.7 பதிப்பில் நடுவர் முறை சேர்க்கப்பட்டது. நடுவர் கணு கோப்புப் பெயர்களையும் பண்புகளையும் மட்டும் சேமிக்கும். உள்ளடக்கத்தைச் சேமிக்காததால் சிறிய வன்தட்டே அதற்குப் போதும்.

அமைக்கும் முறை

1. மூன்று கணினிகளுக்கும் மாறாத முகவரியும் பெயரும் தந்து, கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும்.
2. ஒவ்வொன்றிலும் இயங்குதளம் இல்லாத தனி வன்தட்டை எக்ஸ்எப்எஸ் முறையில் வடிவமைத்துச் செங்கலுக்கு ஒதுக்க வேண்டும்.
3. குளஸ்டரை நிறுவி, ஒரு கணுவிலிருந்து மற்ற இரண்டையும் கொத்தில் சேர்க்க வேண்டும்.
4. மூன்று நகல்களுடனோ, இரண்டு நகல்களும் ஒரு நடுவருமாகவோ தொகுதியை உருவாக்கித் தொடங்க வேண்டும்.
5. விண்டோசுப் பயனர்களுக்குச் சாம்பா மென்பொருளையும், அதனுடன் சிடிடிபி மென்பொருளையும் நிறுவ வேண்டும். ஒரு கணு நின்றால் சிடிடிபி அதன் முகவரியை மற்றொரு கணுவுக்கு மாற்றும்.
6. ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணுவின் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிக்க வேண்டும். பின்னர் அதனை இயக்கித் தன் சீராக்கம் முடிவதை உறுதிசெய்ய வேண்டும்.

சோதனையின்போது எழுதுவது சிறிது நேரம் உறைந்து நிற்கலாம். கணு பழுதடைந்தது என முடிவுசெய்யக் குளஸ்டர் இயல்பாக 42 நொடிகள் காத்திருப்பதே காரணம்.

வரம்புகள்

நகல் தொகுதி காப்புநகல் ஆகாது. பயனர் தவறுதலாக அழிக்கும் கோப்பு மூன்று கணுக்களிலும் உடனே அழியும். நச்சுநிரல் சிதைத்த கோப்பும் அவ்வாறே மூன்றிலும் சிதையும். எனவே வேறோர் இடத்தில் காப்புநகல் தனியே எடுக்கப்பட வேண்டும். மிகச் சிறிய கோப்புகள் இலட்சக்கணக்கில் உள்ள இடங்களில் குளஸ்டரின் வேகம் குறையும். இரண்டு கணுக்களுக்கு இடையே வன்தட்டை அப்படியே பிரதிசெய்ய, 2010 முதல் லினக்சுக் கருனியில் இடம்பெற்றுள்ள டிஆர்பிடி பயன்படுகிறது. அதிலும் பிளவு நிலையைத் தடுக்கத் தனி ஏற்பாடு தேவை.

இவற்றையும் பார்க்கவும்

- கணினிக் கொத்து
- சாம்பா
- ரெய்டு
- காப்புநகல்