உலாவுதலுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

தைப்பூசத்தையொட்டி நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்தே செல்வதை நாம் அறிவோம். அந்நடையைச் சோம்பல் என்பார் உண்டோ? 'சாண்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின்மேல் அப்படியொரு பழி ஏறியிருக்கிறது.

அவசரமின்றி உலாவுதலே அதன் பொருள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், பிரெஞ்சு மொழியில் 'சேந்த் தெர்' எனப்படும் புனித பூமிக்கு, அதாவது பைத்துல் முகத்தஸ் அமைந்த நாட்டுக்கு, போவதாகச் சொல்லி இரந்து திரிந்த சோம்பேறிகளால் அச்சொல் பிறந்ததென்று ஒரு விளக்கம் தந்தார். அமெரிக்கரான தோரோ 1862இல் வெளிவந்த தம் கட்டுரையில் அக்கதையையே எடுத்து, மெய்யாக அப்பூமியை நாடி நடப்போரை உயர்த்தினார்.

கதைக்குச் சான்றில்லை. ஒலி ஒத்தால் மூலமும் ஒன்றாகிவிடாது. ஸர்ஃபு ஓதும் மாணவனும் இதனை அறிவான். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதனையொத்த சொல்லுக்கு எண்ணத்தில் ஆழ்தல் என்று பொருள். அதற்கு முந்திய மூலம் மொழியறிஞர்க்கும் இன்னும் துலங்கவில்லை.