லேசான அறிவாற்றல் குறைபாடு: சிகிச்சையும் பராமரிப்பும்

வயதுக்கு இயல்பானதைவிட மறதி மிகுந்திருந்தும், அன்றாடப் பணிகளைத் தாமே செய்ய இயலும் நிலையே லேசான அறிவாற்றல் குறைபாடு ஆகும். இது டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் அன்று. சிலருக்கு அந்நோயாக மாறலாம். சிலர் இயல்புநிலைக்கும் திரும்புகின்றனர்.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, உறக்கக் கோளாறு, தூக்க மாத்திரைகள் ஆகிய சரிசெய்யத்தக்க காரணங்களை முதலில் கண்டறிய வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டவும். தாமாக நிறுத்த வேண்டாம்.

டோனெபெசில் போன்ற மாத்திரைகள் மறதிநோயைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. முறையான நடைப்பயிற்சி, இரத்த அழுத்தம் மற்றும் நீரிழிவுக் கட்டுப்பாடு, தேவைப்படுவோருக்குக் காது கேட்கும் கருவி ஆகியன நலம் பயக்கும்.

நோயாளியால் இயலும் பணிகளைப் பராமரிப்பாளர் தாமே செய்துவிடலாகாது. நாட்காட்டி, மாத்திரைப் பெட்டி கொண்டு துணைநிற்கலாம். 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனை அவசியம். பணம், மருந்து, அடுப்பு ஆகியவற்றைக் கையாள்வதில் தவறுகள் மிகுந்தால் அதுவரை காத்திராமல் மருத்துவரை அணுகவும்.