உறங்கும் படைக்கலங்கள்: பாலாற்று எல்லை முதல் மைசூர் ஆயுதசாலை வரை

முன்னுரை

போர்த்தொழிலுக்கென உருவாக்கப்பட்ட கருவி, அத்தொழிலிலிருந்து நீங்கிக் காட்சிப் பொருளாகும்போது அதன் பொருண்மை மாறுகிறது. கொல்லும் ஆற்றலை இழந்த பின்னரே அது வரலாற்றுச் சான்றாகப் பேசத் தொடங்குகிறது. எனினும், அவ்வாற்றலை நீக்கும் முறையே சான்றின் ஒரு பகுதியை அழித்துவிடவும் கூடும். பழைய மைசூர் நாட்டுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை மையமாகக் கொண்டு இச்சிக்கலை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

எல்லையும் அதன் போர் நினைவும்

இங்குக் குறிக்கப்பெறும் பாலாறு, வேலூர் வழியே ஓடும் பேராறு அன்று. மாதேசுவரன் மலைப் பகுதியிலிருந்து வந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு மேற்புறத்தில் காவிரியுடன் கலக்கும் சிற்றாறு ஆகும். அதன் பெயரையே கொண்ட எல்லையோர ஊர் இன்று கருநாடகத்தைச் சார்ந்தது. இம்மலைப்பகுதியை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கு முன்னர் மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்த பாராமகால் 1792இலும் கோயம்புத்தூர்ப் பகுதி 1799இலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு மாறின. ஆதலின், இந்நிலத்தின் படைக்கல வரலாற்றை ஒரு மொழியின் எல்லைக்குள் அடக்க இயலாது.

படைக்கலத்தைக் காட்சிப் பொருளாகக் காணும் சிந்தனையும் இந்நிலத்திற்குப் புதிதன்று. இப்பகுதியை அடுத்த தகடூரின் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் வைக்கப்பட்ட படைக்கலங்களையும், போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்களையும் அது எதிரெதிரே நிறுத்துகிறது. புகழ்வது போலப் பழிக்கும் அப்பாடலில், அழகாகக் காக்கப்பட்டிருப்பதே பயன்படாமையின் அடையாளமாகிறது. அருங்காட்சியகமோ இம்மதிப்பீட்டைத் தலைகீழாக்குகிறது: அங்குப் பயன்படாமையே காப்பதற்குரிய தகுதி.

மைசூர் ஆயுதசாலை

மைசூர் அரண்மனையின் ஆயுதசாலை, உடையார் மரபினர் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய வாள், ஈட்டி, கட்டாரி, புலிநகம், துப்பாக்கி முதலியவற்றைக் கொண்டது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இவற்றை ஆராய்ந்து பெயரிட்டு ஒழுங்குபடுத்தினார் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட இரணதீர கண்டீரவ நரசராச உடையாரோடு தொடர்புடைய படைக்கலங்கள் இங்குச் சிறப்பாகப் போற்றப்படுகின்றன. அவ்வரசர் திருச்சிராப்பள்ளிக்கு மாறுவேடத்தில் சென்று அங்கிருந்த மல்லனை வென்றார் என்பது மைசூர் மரபுவழிச் செய்தி.

இத்தொகுப்பின் தனித்தன்மை, காட்சிக்கு வந்த பின்னும் மரபின் வாழ்விலிருந்து படைக்கலம் முற்றும் விலகவில்லை என்பதே. நவராத்திரியில் அரச குடும்பத்தார் இன்றும் ஆயுத பூசை செய்கின்றனர். 2013 டிசம்பரில் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மறைந்தார். 2014ஆம் ஆண்டுத் தசராவின்போது அரியணையில் அமர அரசர் இன்மையால், ‘பட்டத கத்தி’ எனப்படும் அரசவாளே அதில் வைக்கப்பட்டது. மன்னனுக்கு மாற்றாக அவன் வாளை நன்னாளில் முன்செல்ல விடும் வாள்நாட்கோளையும், வாளை வாழ்த்தும் வாள்மங்கலத்தையும் தமிழ்ப் புறத்திணை இலக்கணம் கூறுவது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. வெட்டாத வாளும் அரசாளக்கூடும் என்னும் கருத்து இரு மரபுக்கும் பொதுவானது எனலாம்.

சிதறலும் புதைவும்

இதற்கு மாறான வரலாறு ஸ்ரீரங்கப்பட்டணத்தினுடையது. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபின், அவருடைய உடைமைகள் போர்க்கொள்ளையாகப் பங்கிடப்பட்டன. திப்புவின் படுக்கையறை வாள் எனப்படுவது வெற்றிப்படைத் தலைவர் டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்டது. அவ்வாள் 2023 மே மாதம் இலண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்கு விற்பனையாயிற்று. விலை ஏற ஏற, பொருள் தன் இடத்திலிருந்தும் ஆய்வாளர் பார்வையிலிருந்தும் அகன்று செல்கிறது. மூட்டை கலைந்த ஓலைச்சுவடியின் தனி ஏடு போன்றதே உடன்கிடந்த பொருள்களிலிருந்து பிரிக்கப்பட்ட வாள்.

மைசூர் இராக்கெட்டுகள் பிறிதொரு நிலையைக் காட்டுகின்றன. வெடிமருந்தை இரும்புக் குழலில் அடைத்தமையால் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கி நெடுந்தொலைவு சென்ற இவற்றை, 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லியின் படையை அழித்த போரிலும் மைசூர்ப் படையினர் பயன்படுத்தினர். கைப்பற்றப்பட்ட இராக்கெட்டுகள் இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் 1804 முதல் மேற்கொண்ட ஆய்வுகளுக்கு இவை தூண்டுகோலாயின.

ஆனால் பெருந்தொகுதி ஒன்று மண்ணிலேயே கிடந்தது. சிவமொக்கா மாவட்டம் நகராவில் 2002ஆம் ஆண்டு பாழ்ங்கிணறு ஒன்றிலிருந்து 160 அளவிலான இரும்புக் குழல்கள் கிடைத்தன. அவை திப்பு கால இராக்கெட்டுகள் என்பது பல்லாண்டுகள் கழித்தே உணரப்பட்டது. அதன்பின் 2018 சூலையில் நடந்த அகழ்வில் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து நெடி வீசியதே அகழ்வுக்குத் தூண்டுதலாயிற்று என்று அப்போதைய செய்திகள் கூறின. குழல்களுள் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரித்தூளும் எஞ்சியிருந்தன. பாதுகாப்புக் கருதி அவற்றை முன்னரே முற்றும் கழுவித் துடைத்திருப்பின், வெறும் துருப்பிடித்த குழல்களே நமக்கு எஞ்சியிருக்கும்.

சட்டமும் சான்றும்

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது நீக்கியோ நீக்காமலோ சுடுகருவியாகப் பயன்படுத்த இயலாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய கருவிகளுக்கு விலக்களிக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டிற்கு வெளியே கொண்டு செல்வதைத் தடுக்கிறது. முன்னது மக்களின் உயிரையும் பின்னது மரபையும் காப்பது. இரண்டும் சந்திக்கும் இடமே செயலிழக்கச் செய்தல். குழலை அடைத்தல், துளையிடல், பற்றவைத்தல் ஆகியவை அச்சத்தை நீக்கும். ஆயின் குழலின் உள்தேய்வு, பற்றுத்துளையின் கரிப்படிவு, கொல்லன் இட்ட குறி ஆகிய சான்றுகள் அதனால் மறையவும் கூடும். ஆகவே அளவீடும் ஒளிப்படமும் எஞ்சிய மருந்தின் வேதிப் பகுப்பும் முடிந்த பின்னரே, வல்லுநர் மேற்பார்வையில் இப்பணி நிகழ்தல் வேண்டும். தஞ்சைப் பீரங்கிமேட்டில் நிற்கும், சுமார் 7.5 மீட்டர் நீளமுள்ள நாயக்கர் காலத் தேனிரும்புப் பீரங்கி, இடம் பெயராமையால் கோட்டையின் காவல் அமைப்பையும் சேர்த்தே உணர்த்துவது நினைவுகூரத்தக்கது.

முடிவுரை

படைக்கலங்களை அழகுப் பொருளாக மட்டும் காண்பதற்கு இந்நிலம் இடம் தருவதில்லை. 1993 ஏப்ரல் 9ஆம் நாள் இதே பாலாற்றில் வீரப்பன் குழுவினர் வைத்த கண்ணிவெடியில் காவலரும் வனத்துறைப் பணியாளரும் உட்பட 22 பேர் மாண்டனர். கருவி பழமையடையலாம், அது தந்த இழப்பு அத்துணை விரைவில் பழமையடைவதில்லை. தருமபுரிப் பகுதி நடுகற்கள் வில்லையும் வாளையும் தனியே காட்டுவதில்லை. அவற்றை ஏந்தி மடிந்த மனிதனோடு, பல கற்களில் அவன் பெயரோடும் ஊரோடும் சேர்த்தே காட்டுகின்றன. செய்த கொல்லன், ஏந்திய வீரன், வீழ்ந்த இடம், வந்து சேர்ந்த வழி ஆகியவற்றுள் அறிந்தனவற்றை எழுதி வைக்கும் காட்சிக்கூடமே அந்நடுகல் மரபின் வழித்தோன்றலாகும். அப்பதிவு இல்லாத படைக்கலம், எத்துணைப் பளபளப்பாயினும், ஔவையார் எள்ளி நகையாடிய நெய்பூசிய வேலே ஆகும்.