மூட்டைப்பூச்சி

மனித இரத்தத்தைக் குடித்து வீட்டுக்குள்ளேயே வாழும் சிறகில்லாத பூச்சி. குளிர்நாடுகளில் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ் என்ற இனமும், கேரளம், தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற இனமும் பரவலாக உள்ளன. வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். செம்பழுப்பு நிறம், தட்டையான உடல்.

பகலில் கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், சுவர் வெடிப்பு ஆகியவற்றில் கூட்டமாக ஒளிந்திருக்கும். மெத்தையின் ஓரத் தையலை விரித்து டார்ச் அடித்தால், மை தெறித்ததுபோல் கறும்புள்ளிகள் தெரியும். அவை பூச்சியின் எச்சம். பக்கத்திலேயே உரித்த தோல்களும், பசையாக ஒட்டிய, 1 மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை முட்டைகளும் கிடக்கும். குஞ்சு 5 முறை தோலுரித்தே முழுப்பூச்சியாகும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேளை இரத்தமாவது வேண்டும். நம் மூச்சுக்காற்றும் உடற்சூடும் பூச்சிக்கு வழிகாட்டுகின்றன. வயிறு நிறைய 5 முதல் 10 நிமிடம் போதும். அதன் எச்சில் கடியை உணரவிடாது. தடிப்பும் அரிப்பும் பிறகுதான் வரும்.

காலா அசார் என்ற காய்ச்சல் நோயை இப்பூச்சிதான் பரப்புகிறது என்ற கருத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பேட்டன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். உண்மையில் பரப்புவது மணல் ஈ என்று 1942இல் உறுதியானது. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. அதற்காக இதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவேண்டியவருக்குத் தூக்கம் கெடுவதே பெரிய இழப்பு.

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லயங்களை (வரிசை வீடுகளை) இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கூரை, பொதுச் சுவர், பழைய மரச்சட்டங்கள்: பூச்சி வீடுவிட்டு வீடு போக இவையே வழி. மலைக்குளிரில் அதன் வளர்ச்சி மெதுவாகும். ஆனால் பட்டினி தாங்கும் காலம் நீளும். வீட்டைச் சில வாரம் பூட்டிவைத்தாலும் ஒழியாது. தென்மேற்குப் பருவமழையில் பாயும் மெத்தையும் காயவைக்க வெயிலும் கிடைக்காது.

டி.டி.டி.யையும் பல புதிய மருந்துகளையும் எதிர்க்கும் திறன் இப்பூச்சிக்கு வந்துவிட்டது. ஆனால் சூட்டைத் தாங்காது. கட்டில் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுவது, துணிகளை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது, வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடைப்பது ஆகியவை பலன் தரும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால், பூச்சி அடுத்த வீட்டிலிருந்து திரும்பி வரும். வரிசை முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டிய வேலை இது. சுவரையும் கூரையையும் பழுதுபார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை.