கையெழுத்து யாருடையது?

1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து ஒரு துணுக்கு எடுக்கப்பட்டது. அவரைக் கேட்கவில்லை. அந்த ஆண்டே அவர் செத்துப்போனார், செல்கள் சாகவில்லை. ஹெரால்ட் ட்சூர் ஹாசனின் குழு பிற்பாடு பாப்பிலோமா வைரஸின் 18-ஆம் வகையை அதே ஹீலா செல்களுக்குள் கண்டது. இந்நோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். தடுப்பூசி இந்த அறிவின் வழி வந்ததுதான்.

கேட்காமல் எடுப்பதன் மறுபக்கம் கேட்காமல் போடுவது. 2009-இல் ஆந்திராவின் கம்மத்தில் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட்டது. பழங்குடி விடுதிப் பிள்ளைகள் நிறைய. நாடாளுமன்றக் குழுவின் 2013 அறிக்கைப்படி, ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. பெற்றோரின் இடத்தில் அதிகாரம் எவ்வளவு லேசாக உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள். குஜராத்தையும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள்; 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கு ஊசி காரணமல்ல என்றது விசாரணைக் குழு.

அப்போது எம்.ஏ. மாணவனாயிருந்த நான் 'கொலைகார ஊசி' என்று துண்டறிக்கை எழுதினேன். படிவத்தின் மேலிருந்த கோபம் நியாயம்தான், இன்றும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதைத் தூக்கி ஊசியின் மேல் ஏற்றினோமே, அதுதான் உறுத்துகிறது. வசதியான வீடுகளில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நம் துண்டறிக்கையை நம்பியவர்கள் யார், அவர்கள் பெண்டுபிள்ளைகளுக்கு அப்புறம் யார் போட்டார்கள் என்று நாம் போய்க் கேட்டோமா?