ஆட்சியாளரின் வாகனம்

ஹிஜ்ரி 99ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 717. கலீஃபா சுலைமான் பின் அப்துல் மலிக் அவர்களை நல்லடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் முன் அலங்கரிக்கப்பட்ட குதிரைகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. புதிய கலீஃபாவுக்கான அரச வாகனங்கள் அவை. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தம்முடைய கோவேறு கழுதையையே கொண்டுவரச் சொன்னார்கள் என்றும், அந்தக் குதிரைகளை விற்றுப் பணத்தைப் பைத்துல்மாலில் சேர்க்கப் பணித்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஓர் ஆட்சியாளர் எதில் ஏறிப் பயணம் செய்கிறார் என்பது சிறிய செய்திதானே என்று தோன்றலாம். ஆனால் நம் வரலாற்று நூல்கள் அதைச் சிறிய செய்தியாகக் கருதவில்லை. இன்றைய உலகமும் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சென்ற சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் நடந்தவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

கிளாஸ்கோவிலிருந்து ஒரு விமானம்

2021 அக்டோபர் 31 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு தொடங்கியது. அதை நடத்திய நாடு பிரிட்டன். பேரழிவின் கடிகாரம் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் நிற்கிறது என்று அந்நாட்டின் பிரதமர் போரிஸ் ஜான்சன் உலகத் தலைவர்களிடம் எச்சரித்தார். நவம்பர் 2ஆம் நாள் மாலை அவர் கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குத் தனி விமானத்தில் திரும்பினார். இரு நகரங்களுக்கும் இடையே நேரடி ரயில் உண்டு. பயண நேரம் நான்கரை மணி நேரம் அளவே. அன்றிரவு அவர் லண்டனில் ஒரு மனமகிழ் மன்றத்தில், தம் பழைய பத்திரிகை நண்பர்களின் விருந்தில் கலந்துகொண்டார் என்பது பின்னர் வெளியானது. பிரதமரின் நேரம் அரிது என்பதே அவருடைய அலுவலகம் சொன்ன முதன்மையான காரணம். கண்டனம் எழுந்த பின், நவம்பர் 10 அன்று மாநாட்டுக்கு மீண்டும் சென்றபோது அவர் ரயிலில் சென்றார். முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று எட்டு நாளில் முடிந்துவிட்டது.

அதே மாநாடு தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னர், அக்டோபர் 27 அன்று, நிதியமைச்சர் ரிஷி சுனக் தம் நிதிநிலை அறிக்கையில் உள்நாட்டு விமானப் பயணிகள் மீதான வரியைப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தார். பிறகு அவரே பிரதமரானார். 2023 ஜனவரியில் ஒரு மருத்துவ மையத்தைப் பார்வையிட லண்டனிலிருந்து லீட்ஸ் நகருக்கு விமானப்படையின் ஜெட் விமானத்தில் சென்றார். ரயிலில் சென்றால் இரண்டேகால் மணி நேரம் ஆகும் தொலைவு அது. அதே மாதத்தில் பிளாக்பூல் நகருக்கும் விமானத்திலேயே சென்றார். அப்போதும் சொல்லப்பட்ட காரணம் நேரம்தான்.

ரயில் ஆண்டில் ஒரு பறத்தல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் செய்தி இதனினும் வியப்பானது. 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற உர்சுலா வான் டெர் லெயன், அதே மாதத்தில் ஐரோப்பியப் பசுமை ஒப்பந்தத்தை முன்வைத்தார். 2050க்குள் ஒட்டுமொத்தக் கண்டத்தையும் கரிமச் சமநிலைக்குக் கொண்டுவருவது அதன் இலக்கு. ரயில் பயணத்தை ஊக்குவிக்க 2021ஐ ஐரோப்பிய ரயில் ஆண்டு என்றும் ஒன்றியம் அறிவித்தது. அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில்தான் ஆணையத் தலைவர் வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்குத் தனி விமானத்தில் பறந்தார். இரண்டு தலைநகரங்களுக்கும் இடையிலான தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். வானில் இருந்த நேரம் 20 நிமிடத்துக்கும் குறைவு. ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம். பல தலைநகரங்களுக்குத் தொடர்ந்து செல்ல வேண்டியிருந்ததால் வேறு வழியில்லை என்று ஆணையம் விளக்கமளித்தது.

ஜெர்மனியில் இந்தச் சிக்கல் ஒரு மனிதரின் விருப்பமாக இல்லாமல் அமைப்பாகவே உருவெடுத்தது. 1991 ஜூன் 20 அன்று தலைநகரைப் பானிலிருந்து பெர்லினுக்கு மாற்ற நாடாளுமன்றம் 338க்கு 320 என்ற வாக்குகளில் முடிவெடுத்தது. 1999இல் அரசு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் பல அமைச்சகங்கள் பானிலேயே தலைமையிடம் கொண்டிருந்தன. அமைச்சர்களை ஏற்றிச் செல்லும் அரசு விமானப் பிரிவும் கொலோன்–பான் விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது. அதனால் பெர்லினில் இருக்கும் அமைச்சரை ஏற்றிக்கொள்ள விமானம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஆளின்றிப் பறந்து வருவதும், அவரை இறக்கிவிட்டு மீண்டும் ஆளின்றித் திரும்புவதும் வழக்கமாயின. எந்தத் தனி மனிதரும் திட்டமிட்டு இந்த வீண்விரயத்தைச் செய்யவில்லை. ஆனால் அதைத் திருத்துவதை யாரும் அவசரமாகக் கருதவுமில்லை.

சட்டத்தில் விடப்பட்ட வாசல்

பிரான்ஸ் சற்று முன்னே சென்றது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 150 குடிமக்களைக் கொண்ட ஒரு பேரவை, நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் செல்லக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானங்களை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2021 ஆகஸ்டில் சட்டம் வெளிவந்தபோது நான்கு மணி நேரம் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. 2023 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தபோது, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று நகரங்களுக்கான தடங்கள் மட்டுமே அதற்குள் அடங்கின. செல்வந்தர்களும் அதிகாரம் படைத்தோரும் பயன்படுத்தும் தனி விமானங்களை அச்சட்டம் தொடவே இல்லை. பயணச்சீட்டு வாங்கிப் பயணிக்கும் சாதாரண மனிதரின் வழி அடைக்கப்பட்டது. சீட்டே வாங்காதவரின் வாசல் திறந்தே இருந்தது.

ஆஸ்திரியாவையும் இங்கே நியாயமாகக் குறிப்பிட வேண்டும். 2020இல் கொரோனா நெருக்கடியில் சிக்கிய தன் தேசிய விமான நிறுவனத்துக்கு உதவி அளித்தபோது, வியன்னா–சால்ஸ்பர்க் விமானச் சேவைக்குப் பதில் ரயிலைப் பயன்படுத்த வைத்தது. 350 கிலோமீட்டருக்கும் குறைவான விமானப் பயணங்களுக்கு 30 யூரோ வரியும் விதித்தது. மனமிருந்தால் வழியும் இருந்தது.

குறுந்தொலைவு விமானத்தை மட்டும் ஏன் இவ்வளவு குறிப்பாகச் சுட்டுகிறார்கள்? விமானம் தரையிலிருந்து எழுந்து உயரம் தொடும்வரைதான் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறது. நெடும்பயணத்தில் அந்தச் செலவு பல ஆயிரம் கிலோமீட்டர்களில் பகிரப்படுகிறது. குறும்பயணத்திலோ ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. பிரிட்டன் அரசு வெளியிடும் கணக்கின்படியே, உள்நாட்டு விமானத்தில் ஒரு பயணி ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் கரிமம், ரயில் பயணி வெளியிடுவதைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் தனி விமானத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகும்.

இருந்தும் பல தடங்களில் விமானச் சீட்டு ரயில் சீட்டைவிட மலிவாகக் கிடைக்கிறது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு வான்போக்குவரத்து உடன்படிக்கை, விமானத்தில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருளுக்குப் பிற நாடுகள் வரி விதிப்பதைத் தடுத்தது. வளர்ந்துவந்த ஒரு தொழிலுக்கு அன்று அளித்த சலுகை, அதன் பிறகு வந்த ஒப்பந்தங்களின் வழியே விரிந்து, வான்போக்குவரத்தின் உரிமை போலவே ஆகிவிட்டது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் எரிசக்தி வரிகளை ஒழுங்குபடுத்தியபோதும் வணிக விமான எரிபொருளுக்கு விலக்களித்தது. மக்களை ரயிலுக்கு அழைக்கும் தலைவர்கள், அந்த விலக்கை நீக்கும் அதிகாரத்தையும் தம் கையில்தான் வைத்திருக்கிறார்கள்.

உமர் (ரலி) அவர்களின் அளவுகோல்

இவற்றைப் படிக்கும்போது நம் நினைவு உமர் பின் கத்தாப் (ரலி) அவர்களிடம் செல்கிறது. ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்கள் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று வாகனத்தைப் பற்றியது என்று அறிவிப்புகள் கூறுகின்றன. அக்காலத்தில் செல்வச் செழிப்பின் அடையாளமாக விளங்கிய பிர்தவ்ன் என்னும் உயர்ரகக் குதிரையில் ஏறக் கூடாது. சலித்தெடுத்த மாவின் ரொட்டியை உண்ணக் கூடாது. தேவையோடு வருவோருக்குக் கதவை அடைக்கக் கூடாது. வாகனமும் உணவும் கதவும் ஒரே நிபந்தனையில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். மக்கள் வாழும் வாழ்விலிருந்து ஆட்சியாளர் விலகிச் செல்லும் மூன்று வழிகள் அவை.

அதே உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது அவர்களுக்கே அத்தகைய குதிரை ஒன்று கொடுக்கப்பட்டது. அது செருக்கோடு துள்ளி நடக்கவே, உடனே இறங்கித் தம் பழைய வாகனத்துக்கே திரும்பினார்கள் என்று வரலாறு கூறுகிறது. குதிரையின் நடை தம் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 18இல் அரபுத் தீபகற்பத்தைப் பஞ்சம் வாட்டியபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யையும் இறைச்சியையும் தாம் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். கலீஃபா உண்ணாத நெய்யால் மதீனாவின் பசி தீர்ந்துவிடாது. அது அவர்களுக்கும் தெரியும். ஆயினும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்லும் தகுதி அதனால் கிடைத்தது.

ஒரு பிரதமரின் விமானம் வெளியிடும் புகை உலகக் கணக்கில் ஒரு துளிதான் என்று வாதிடுவோர் உண்டு. கணக்கின்படி அது சரியே. பாதுகாப்புக் காரணங்களும் அவசரங்களும் தலைவர்களுக்கு உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துளியைப் பார்க்கும் பேருந்து ஓட்டுநரும் ஆசிரியையும் என்ன முடிவுக்கு வருவார்கள்? தியாகம் தங்களுக்கு, விலக்கு அவர்களுக்கு என்ற முடிவுக்குத்தான். பிறகு உண்மையான எச்சரிக்கையையும் அவர்கள் நம்ப மறுப்பார்கள். அதன் விலையை, 2022இல் வெள்ளத்தில் மூழ்கிய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தைப் போன்ற இடங்களில் வாழும் ஏழைகளே செலுத்துகிறார்கள்.

செய்யாததைச் சொல்வது அல்லாஹ்விடம் மிகுந்த வெறுப்புக்குரியது என்று அஸ்ஸஃப் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் எச்சரிக்கின்றன. அங்கே விளிக்கப்படுவோர் நம்பிக்கை கொண்டோர்தாம். தம் சமூகத்தைத் தடுத்த ஒன்றைத் தாமே செய்ய விரும்பவில்லை என்று ஷுஐப் (அலை) அவர்கள் கூறியதை ஹூது அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஆகவே ஐரோப்பியத் தலைவர்களுக்கு நயவஞ்சகர் என்று பெயர் சூட்டிவிட்டு நாம் அமைதியாக அமர்ந்துவிட முடியாது. உள்ளங்களின் தீர்ப்பு இறைவனுக்குரியது. நமக்குரியது நம் வீட்டுக் கணக்கு.

நம் குடும்பங்கள் பலவற்றில் வளைகுடாவில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்க்க விமானம் ஏறும் அந்த மனிதரை யாரும் குறை சொல்ல முடியாது. அது தேவை. கடமையான ஹஜ்ஜும் அவ்வாறே. நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகள் நிறையும் அளவு, தண்ணீரில் உளூச் செய்ததை மிம்பரிலிருந்து கேட்டுவிட்டு, ஹவுளுக்கு அருகில் குழாயைத் திறந்தபடி பேசிக்கொண்டிருக்கிறோமா? எளிய திருமணம் பற்றி உரையாற்றியவரின் வீட்டுத் திருமணத்தில் எத்தனை வாகனங்கள் அணிவகுத்தன? நடந்து போகும் தொலைவிலுள்ள பள்ளிவாசலுக்கு ஆளுக்கொரு வண்டியில் செல்லும் நாம், வீண்விரயம் கூடாதென்று நம் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்வோம்?

பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதைவிட நம் வாகனத்தைப் பார்ப்பது அதிகம். வருகின்ற வெள்ளியன்று ஜும்ஆவுக்கு அவர்களின் கையைப் பிடித்து நடந்து சென்று பார்ப்போம். போகும் வழியில் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கோவேறு கழுதையைப் பற்றிச் சொல்வதற்கும் நேரம் கிடைக்கும். சொன்னதைச் செய்பவர்களாக வல்ல இறைவன் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக.